சம்பந்தி ஊர்த் திருவிழாவுக்கு லாட்ஜிலிருந்து போகலாமா?

கேள்வி: எங்கள் மகள் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையனைத் திருமணம் செய்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மருமகனின் ஊர் காமநாயக்கன்பட்டி. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று நடக்கும் பரலோக மாதா திருவிழாவுக்குச் சம்பந்தி வீட்டார் அழைக்கிறார்கள். இந்த முறைதான் போக முடிவு செய்திருக்கிறோம். நாங்கள் சைவம். எப்படி உடுத்துவது, பொட்டை அழிக்க வேண்டுமா, தேர்பவனியில் எங்கே நிற்பது, நற்கருணை வாங்கலாமா, படம் எடுக்கலாமா என்று தெரியவில்லை. அவர்களுக்குச் சிரமம் வேண்டாமென்று கோவில்பட்டியில் லாட்ஜில் அறை போட்டுவிட்டோம், சாப்பாடும் அங்கேயே. மரியாதைக் குறைவு நேராமல் நடந்துகொள்ள வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, சேலம்

பதில்: அம்மா, தேர்பவனியில் எங்கே நிற்பது என்பது வரை கவலைப்பட்டிருக்கிற நீங்கள், லாட்ஜைப் பற்றிய வரியை மட்டும் எந்தக் கூச்சமும் இல்லாமல் எழுதிவிட்டுக் கடந்திருக்கிறீர்கள். மரியாதைக் குறைவு நேர்ந்திருப்பது அந்த வரியில்தான். சம்பந்தி வீட்டுக்கு முதன்முறையாகத் திருவிழாவுக்கு வந்து, கால்மணி நேரம் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் பக்கத்து ஊர் விடுதிக்குத் திரும்பும் பெற்றோரை அந்தத் தெரு முழுவதும் பார்க்கும். ஏன் தங்கவில்லை என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவள் உங்கள் மகள். நீங்கள் காரில் ஏறிப் போய்விடுவீர்கள். அவள் அந்த வீட்டில்தான் வாழ வேண்டும்.

சிரமம் என்ற காரணத்தை நான் ஏற்கவில்லை. திருவிழா நாட்களில் அந்த ஊர் வீடுகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்திறங்கியிருப்பார்கள், மாடியில் வரிசையாகப் பாய் விரித்திருக்கும், அடுப்பு அணையவே அணையாது. அங்கே இன்னும் இரண்டு பேர் ஒரு சுமையா? கறிக்குழம்பு கொதிக்கும் வீட்டில் கை நனைக்க உங்களுக்குத் தயக்கம். அதைச் சிரமம் என்று அவர்கள் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள். சைவமாக இருப்பது உங்கள் உரிமை. அதைச் சாக்காக்கிச் சம்பந்தி வீட்டுப் பந்தியைத் தவிர்ப்பது தவறு. அறையை ரத்து செய்துவிட்டு, மகளிடம் சொல்லியனுப்பாமல் சம்பந்தி அம்மாவிடம் நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். "நாங்கள் உங்கள் வீட்டில்தான் தங்குகிறோம், எங்களுக்குச் சாம்பாரும் ரசமும் போதும்" என்று வெளிப்படையாகச் சொன்னால் அந்த அம்மாள் மகிழ்ச்சியோடு தனிப் பாத்திரத்தில் வைத்துத் தருவார்.

இனி நீங்கள் கேட்டவை. பொட்டை அழிக்க வேண்டாம். பூவும் பொட்டும் வைத்த கத்தோலிக்கப் பெண்கள் தென் மாவட்டங்களில் எத்தனையோ பேர். உங்கள் ஊர்க் கோவில் திருவிழாவுக்குக் கட்டும் சேலையையே கட்டிக்கொள்ளுங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த குருக்களான அருளானந்தரும் வீரமாமுனிவரும் பணியாற்றிய ஊர் அது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் மண்ணில் தமிழர்கள் நடத்திவரும் வழிபாடு, உங்களுக்கு நீங்கள் அஞ்சுகிற அளவு அந்நியமாக இருக்காது. கொடியேற்றமும் தேரும் நேர்ச்சையும் அங்கேயும் உண்டு.

திருப்பலி என்னும் பூசையில் குருவானவர் தரும் அப்பமான நற்கருணை மட்டும் வேறு விஷயம். அதைக் கிறிஸ்துவின் உடல் என்றே நம்பி, புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, பெற்றவர்களுக்கு உரியது அது. கோவில் பிரசாதம் போல வருகிறவர்கள் எல்லோரும் கைநீட்டி வாங்குவதல்ல. திருப்பலியில் வரிசை நகரும்போது நீங்களும் உங்கள் கணவரும் இருந்த இடத்திலேயே அமைதியாக இருங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அதேபோல, மாதா சுரூபம் (சிலை) வரும் தேருக்கும் நற்கருணைப் பவனிக்கும் வேறுபாடு உண்டு. தேர் வரும்போது மேளமும் வேட்டும் பாட்டும் செபமாலையும் சேர்ந்தே ஒலிக்கும், பேச்சுச் சத்தமும் இருக்கும். குருவானவர் நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரத்தை ஏந்தி வரும் பவனியிலோ வழியில் நிற்பவர்கள் முழந்தாளிடுவார்கள். நீங்கள் முழந்தாளிட வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றி, பேச்சை நிறுத்தி, தலை தாழ்த்தி ஓரமாக நின்றால் போதும்.

படம் எடுப்பது பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். காமநாயக்கன்பட்டியில் தேருக்குப் பின்னால், நேர்ச்சை வைத்தவர்கள் வெறுந்தரையில் உருண்டும் விழுந்து கும்பிட்டும் வருவார்கள். கும்பிடு சேவை என்பார்கள். பிள்ளை இல்லாதவர், நோயிலிருந்து பிழைத்தவர், கடனில் மூழ்கியவர் என்று ஒவ்வொருவரும் தன் துயரத்தோடு அந்த மண்ணில் கிடக்கிறார். புழுதி படிந்த அந்த முகங்களுக்கு நேராகக் கைபேசியைப் பிடிக்க யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் கணவர் தேரைத் தூரத்திலிருந்து எடுத்துக்கொள்ளட்டும், அதோடு நிறுத்தட்டும்.

எங்கே நிற்பது என்று கேட்டீர்கள். உங்கள் சம்பந்தி அம்மா நிற்கும் இடத்தில், அவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் உப்பும் மிளகும் வாங்கித் தேரில் போட்டால், மனம் இருந்தால் நீங்களும் போடலாம். மனம் ஒப்பவில்லையென்றால் சும்மா நிற்பதில் குறை ஒன்றுமில்லை, புரியாத செபத்துக்கு உதட்டை அசைத்து நடிக்க மட்டும் வேண்டாம். மாதாவுக்கு மாலை சாத்த விரும்பினால் சேலத்திலிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள். அவரையே கூட்டிக்கொண்டு போய் அந்த ஊர்க் கடையில் வாங்குங்கள். எந்த மாலை தேருக்கு ஏறும், யார் கையில் கொடுப்பது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.