கடுக்காயின் கொட்டை – கடிதம்

அன்புள்ள ஐயா,

கடுக்காய்ச் சாற்றில் செய்த மாத்திரை ஒன்று பார்த்தேன். டப்பாவில் ஆன்டிஆக்ஸிடன்ட் அளவைப் பெரிய எண்ணாகப் போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு வாங்கலாமா? கிரீன் டீயைவிட இது மேலானதா? சித்தர்களுக்கு இதெல்லாம் அன்றே தெரியும் என்கிறார்களே, உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கிரீன் டீயை விடுங்கள். சித்தர்களுக்குத் தெரிந்தது துவர்ப்பு. அதற்கு ஆன்டிஆக்ஸிடன்ட் கணக்கைச் சான்றிதழாக வாங்கித் தர வேண்டியதில்லை.

அந்த எண்ணைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆக்ஸிஜனால் வரும் சிதைவை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்று சோதனைக்குழாயில் எடுத்த எண் அது. இப்படி உணவுகளுக்கு எண் போட்ட பட்டியலை அமெரிக்க வேளாண் துறையே வைத்திருந்தது, 2012இல் நீக்கிவிட்டது. குழாயில் நடப்பதை வைத்து உடம்பில் நடப்பதைச் சொல்ல முடியாது என்பதுதான் காரணம். கடுக்காய்க்குத் துவர்ப்பைத் தரும் டானின்கள் பெரிய மூலக்கூறுகள். பெரும்பாலும் அப்படியே ரத்தத்தில் சேர்வதில்லை. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் உடைத்து வேறொன்றாக்குகின்றன. குழாயில் அளந்த பொருள் ஒன்று, உடம்புக்குள் போவது இன்னொன்று. பிறகு அந்த எண் யாருக்கு? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியது என்று 1994இல் முடிவு வந்தது. அதுவும் ஆன்டிஆக்ஸிடன்ட்தான். எண்ணைக் காட்டி விற்பவர் உங்களுக்குக் கடுக்காய் கொடுக்கிறார், வேறு அர்த்தத்தில்.

எங்கள் ஆச்சி கடுக்காயை அம்மியில் வைத்துக் குழவியால் ஒரே தட்டு தட்டுவாள். கொட்டையைப் பொறுக்கி எறிவது என் வேலை. சுக்குக்குப் புறத்தில் நஞ்சு, கடுக்காய்க்கு அகத்தில் நஞ்சு. அதனால் அதில் தோலைச் சீவு, இதில் கொட்டையை எடு. ஒருநாள் விளையாட்டு அவசரத்தில் இரண்டு மூன்று கொட்டைகளை விட்டுவிட்டேன். இடித்த பிறகு அவள் பார்த்தாள். திட்டவில்லை. மொத்தப் பொடியையும் கொண்டுபோய்க் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு, முதலிலிருந்து தட்ட ஆரம்பித்தாள். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. எனக்கு அது அடியைவிட வலித்தது.

சரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மாவுக்கு என்ன உபாதை என்று ஒரு வரி இல்லை. வயது இல்லை. ஏற்கெனவே என்ன மருந்து சாப்பிடுகிறார் என்றும் இல்லை. டப்பாவில் இருக்கும் எண் மட்டும் நினைவிருக்கிறது! கோபித்துக்கொள்ளாதீர்கள், அம்மா மேல் உங்களுக்குப் பிரியம் இருப்பது தெரிகிறது. முதலில் அவரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். அப்புறம் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

அந்த டப்பாவில் கொட்டை நீக்கியது என்று எங்காவது போட்டிருக்கிறதா? பார்த்து எழுதுங்கள்.