பிரிஸ்பேனில் வாடகைக்கு விட்ட ஹைசெட் வீட்டின் கீழ்த்தளத்தைப் படுக்கையறைகளாக மாற்றினால் மதிப்பு கூடுமா?

கேள்வி: 1970களில் கட்டிய ஹைசெட் வீடு, அதாவது தூண்கள் மேல் உயர்த்திக் கட்டி, குடியிருப்பை மேல்தளத்தில் வைத்த வீடு. மேலே மூன்று படுக்கையறை, ஒரு குளியலறை. கீழே கராஜும் லாண்டரியும் போக மீதி இடம் சும்மா கிடக்கிறது. அங்கே இரண்டு படுக்கையறை போட்டால் லாபமா?

முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். கடன், கான்ட்ராக்டர் பேச்செல்லாம் அதற்கப்புறம்தான். ஆஸ்திரேலியக் கட்டட விதிப்படி மனிதர் வசிக்கும் அறைக்குக் கூரை உயரம் குறைந்தது 2.4 மீட்டர் வேண்டும். குளியலறை, லாண்டரி, நடைவழி, சாமான் அறைக்கு 2.1 மீட்டர் போதும். இந்த வகை வீடுகளில் கீழ்த்தளம் காரும் துணிக்கொடியும் இருக்கட்டும் என்று விட்ட இடம். அதனால் பல வீடுகளில் உயரம் 2.4-ஐத் தொடாது.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அளக்க வேண்டியது வெறும் கான்கிரீட்டிலிருந்து ஜாய்ஸ்டின் (மேல்தளத் தரையைத் தாங்கும் உத்தரம்) அடி வரை அல்ல. வேலை முடிந்த தரையிலிருந்து வேலை முடிந்த கூரை வரை. ஜாய்ஸ்டின் அடியில் 2450 மில்லி இருக்கிறது என்று வையுங்கள். கூரையில் பேட்டன் என்கிற பட்டை 16, பிளாஸ்டர்போர்டு 10. பழைய தரை வடிகால் பக்கம் சரிந்திருக்கும், அதைச் சமன் செய்ய 10. வைனில் பலகை 6. ஆக 42 போய் 2408 மிஞ்சும், தப்பித்தீர்கள். அதே இடத்தில் ஒட்டுப் பசையோடு டைல் 14 மில்லி என்றால் சரியாக 2400. தரையில் எங்காவது 5 மில்லி மேடு இருந்தால் போச்சு. ஆகவே ஒரே இடத்தில் அளக்காமல் அறையின் நான்கு மூலையிலும் நடுவிலும் அளங்கள்.

ஜாய்ஸ்டுகளைத் தாங்கும் பேரர் என்கிற பெரிய உத்தரம் இன்னும் கீழே தொங்கும். அறை நடுவே அது ஓடினால் தலையிடிதான். பேரருக்கு நேர் கீழே தடுப்புச் சுவர் வருகிற மாதிரி அறைகளைப் பிரித்துவிட்டால் உயரப் பிரச்சினையும் தீரும், ஸ்டம்ப் என்கிற தூணும் சுவருக்குள் மறையும். தூணை எடுத்தே ஆக வேண்டும் என்றால் இரும்பு பீம், பொறியாளர் வரைபடம் என்று செலவு ஏறும். மேல்மாடிக் குளியலறையின் கழிவுக் குழாய் எங்கே தொங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உயரம் 100, 150 மில்லி குறைந்தால்? "தரையைத் தோண்டிடலாம் சார்" என்று சுலபமாகச் சொல்வார்கள். நான் அதற்குச் சட்டென்று தலையாட்ட மாட்டேன். தூணின் அடித்தளம் தன் பக்கத்து மண்ணை நம்பி நிற்கிறது. அதன் அடி விளிம்பிலிருந்து 45 பாகை சரிவுக் கோட்டுக்குள் தோண்டினால் பிடிமானம் போய்விடும். இன்னொன்று, தரை இறங்கினால் வெளி மண் மட்டத்துக்குக் கீழே போகும், மழைநீர் உள்ளே வரும். வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குவது பிரிஸ்பேனில் சகஜமான வேலைதான். ஆனால் படி, குழாய், மின்சாரம் எல்லாவற்றையும் பிரித்துத் திரும்ப இணைக்க வேண்டும். இரண்டு அறைக்காக மட்டும் அதைச் செய்தால் கணக்கு அநேகமாக ஒத்துவராது.

உயரம் தேறிவிட்டால் அடுத்தது தண்ணீர். உள்தரை வெளி மண்ணைவிட 150 மில்லி, வெளியே சரிவாகப் போட்ட கான்கிரீட் தளத்தைவிட 50 மில்லி மேலே இருக்க வேண்டும். சரிவு நிலத்தை வெட்டிக் கட்டிய வீட்டில் பின்சுவர் மண்ணைத் தாங்கி நிற்கும்; அங்கே ஓதம் ஏறி உப்புப் பூக்கும். உள்பக்கம் வாட்டர்புரூஃப் பெயின்ட் அடித்தால் ஒரு கோடைமழை வரை தாங்கும், பிறகு உரிந்து வரும். மண்ணை வெளியிலிருந்து தோண்டி, சுவரின் வெளிமுகத்தில் நீர்த்தடுப்புப் பூசி, அடியில் ஜல்லியோடு துளைக்குழாய் போட வேண்டும். தரையைச் சோதிக்க, ஒரு மீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி கோர்த்திருந்தால் கான்கிரீட்டின் கீழே பிளாஸ்டிக் விரிப்பு இல்லை, அல்லது கிழிந்திருக்கிறது. அதன் மேல் நேரே பலகை போட்டால் பூஞ்சைதான்.

வெள்ளத்தையும் பாருங்கள். 2011 ஜனவரியிலும் 2022 பிப்ரவரியிலும் நீர் புகுந்த வீடுகளில் கீழ்த்தளம்தான் முதலில் போனது. பிரிஸ்பேன் சிட்டி கவுன்சிலின் ஃபிளட்வைஸ் அறிக்கை, முகவரி போட்டால் இலவசமாகக் கிடைக்கும். வெள்ள மட்டத்துக்குள் வந்தால் இந்த யோசனையை அங்கேயே விட்டுவிடலாம்.

கீழே டாய்லெட், ஷவர் வைப்பதாக இருந்தால் வெளியே தரையோடு இருக்கும் ஓவர்ஃபுளோ கல்லியைக் கவனியுங்கள். கழிவுநீர் அடைத்தால் அது வீட்டுக்குள் ஏறாமல் வெளியே வழிவதற்கான வாய் அது. உள்ளே இருக்கும் மிகத் தாழ்வான வடிகால் வாய் அதைவிட 150 மில்லி மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடைப்பு நாளில் மேல்மாடிக் கழிவு கீழ் ஷவர் வழியாகத்தான் வரும்.

ஜன்னல்: கண்ணாடிப் பரப்பு, ஜன்னல் சட்டம் (ஃபிரேம்) நீங்கலாக, தரைப் பரப்பில் 10 சதவீதம், திறக்கும் பரப்பு 5 சதவீதம். 3 × 3.6 மீட்டர் அறைக்கு 1.08 சதுர மீட்டர் கண்ணாடி. 1.2 × 0.9 ஜன்னல் காகிதத்தில் சரியாக வரும், சட்டத்தைக் கழித்தால் தோற்கும். 1.5 × 1.2 வையுங்கள். பக்கத்து எல்லைக்கோட்டிலிருந்து 900 மில்லிக்குள் இருக்கும் ஜன்னல் இந்தக் கணக்கில் சேராது.

ஃபைப்ரோ என்கிற பழைய சிமென்ட் தகடு இருந்தால் உடைக்குமுன் ஆஸ்பெஸ்டாஸ் பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள். குவீன்ஸ்லாந்தில் வாடகை வீடு என்றால் 2022 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்றோடொன்று இணைந்த ஃபோட்டோஎலக்ட்ரிக் புகை அலாரம் வேண்டும். புது அறைகளுக்கும் அதே விதி.

அனுமதியை கட்டடச் சர்டிஃபையர், அதாவது கட்டட வேலையை ஆய்ந்து சான்று தருபவர், தருவார். கராஜ் வகையிலிருந்து குடியிருப்பு வகைக்கு மாற்றம் என்று பதிவாகும். 3,300 டாலருக்கு மேற்பட்ட வேலைக்கு கியூபிசிசி (குவீன்ஸ்லாந்து கட்டட, கட்டுமான ஆணையம்) லைசென்ஸ் உள்ளவர்தான் வேண்டும். கடைசியில் படிவம் 21 என்கிற இறுதி ஆய்வுச் சான்று கையில் வரும் வரை முழுப் பணமும் தந்துவிடாதீர்கள். அது இல்லாத அறையை விளம்பரத்தில் படுக்கையறை என்று போட முடியாது. "மல்ட்டி பர்ப்பஸ் ரூம்" என்று எத்தனை விளம்பரம் பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் கதை இதுதான்.

லாபக் கணக்கு: உதாரணத்துக்கு 60,000 டாலர் செலவு, வாரம் 120 டாலர் கூடுதல் வாடகை. வருடம் 6,240, அதாவது 10.4 சதவீதம். 6.5 சதவீத வட்டி 3,900 போனால் 2,340 மிஞ்சும். வரியில் இது பழுதுபார்ப்பு ஆகாது. கட்டுமானச் செலவு, வருடம் 2.5 சதவீதமாக 40 வருடம் கழிக்கலாம். உங்கள் வீட்டுத் தொகைகளை இதில் போட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்கு இரண்டு படுக்கையறையைவிட ஒரு படுக்கையறையும் ஒரு குளியலறையும் நல்லது என்பேன். ஐந்து படுக்கையறைக்கு ஒரே குளியலறை என்றால் வாடகைக்கு வரும் குடும்பம் வாசலோடு திரும்பும். குளியலறைக்கு 2.1 மீட்டர் போதும் என்பதால் தாழ்வான மூலையும் வீணாகாது. கார் நிற்க ஒரு கூரையிட்ட இடத்தை விட்டுவையுங்கள். உள்ளேயிருந்தே படி இறங்கட்டும். மழையில் வெளிப்படி சுற்றி வர வேண்டிய அறைக்கு யாரும் முழு வாடகை தர மாட்டார்கள். தனிச் சமையலறை ஆசை வந்தால் அது துணைக் குடியிருப்பு, வேறு விதிகள், வேறு செலவு.

வரைபடக்காரருக்குப் பணம் கட்டுமுன் சர்டிஃபையரை ஒரு முறை நேரில் வரவழையுங்கள். அவர் டேப் 2380 காட்டினால் அதைச் சாமான் அறையாகவே பூசி, பூட்டு வைத்து, விளம்பரத்திலும் சாமான் அறை என்றே எழுதிவிடுங்கள்.