பழைய மாரோவிண்டை மறுபடி ஆடும்போது ஏன் இவ்வளவு எரிச்சல் வருகிறது?

சின்ன வயதில் உயிராக ஆடிய இந்தக் கணினி ஆட்டத்தை இப்போது ஒரு மணி நேரம்கூடத் தாங்க முடியவில்லை, ஆட்டமே மோசமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 2002இல் வந்த அந்த ஆட்டத்தின் விதிகள் வேறு, அவ்வளவுதான்.

பெரிய எரிச்சல் சண்டைதான். வாள் எலி மேல் படுவது கண்ணுக்குத் தெரியும், அடி மட்டும் விழாது. ஏனென்றால் உள்ளே பகடை உருள்கிறது. ஆயுதத் திறன், சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம், களைப்பு எல்லாம் சேர்ந்துதான் அடி பட்டதா என்று முடிவு செய்கின்றன. ஓடிப்போய்ச் சண்டை போட்டால் உடல் தெம்பைக் காட்டும் பச்சைக் கோடு ஏற்கெனவே காலியாகியிருக்கும், வாள் வீணாகக் காற்றை வெட்டும்.

அப்புறம் வழி. இலக்கைக் காட்டும் அம்புக்குறி கிடையாது. ஊர்க்காரர் வாயால் சொன்னதை நாட்குறிப்பில் பார்த்து, பாலம், பாறை, பிரிவுச்சாலை என்று நாமே தேட வேண்டும். சில சமயம் சொன்ன வழியே குழப்பமாக இருக்கும். ஆனாலும் அப்படித் தேடிக் கண்டுபிடித்த குகையின் மகிழ்ச்சி அம்புக்குறி பார்த்துப் போனால் கிடைக்காது என்றே நினைக்கிறேன். ஆட்டத்தில் வரும் பால்மோரா ஊரின் ஆறும் இசையமைப்பாளர் ஜெரமி சோலின் இசையும் மனதில் நிற்கின்றன. வழி தெரியாமல் அலைந்த நேரங்களை நினைவு கழித்துவிடுகிறது.

மறுபடி ஆரம்பிப்பதானால் உங்கள் பாத்திரத்துக்கு ரெட்கார்ட் இனத்தை எடுங்கள், நீள்வாளை முதன்மைத் திறனாக வையுங்கள், சண்டைக்கு முன் கொஞ்சம் நின்று களைப்பாறுங்கள். முதல் சில மணி நேரம் நிச்சயம் எளிதாகும்.