மருத்துவமனை, மழலையர் பள்ளி, வீடு: உள்ளடக்கிய மழலைப் பருவ வளர்ச்சி குறித்த கேள்வி பதில்

ஒரு தாய்: என் மகனுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, இன்னும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை. சில பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும் என்கிறார்கள் வீட்டார். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். முதலில் செவித்திறனைப் பரிசோதியுங்கள். பிறந்தவுடன் செய்த சோதனையில் குறை எதுவும் தெரியாமல் இருந்திருந்தாலும், அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்கு நடுச்செவியில் நீர் கோத்துப் பின்னாளில் கேட்கும் திறன் குறையக்கூடும். கோளாறின் பெயர் உறுதியான பிறகுதான் உதவியைத் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. அவன் கை நீட்டிக் காட்டும் பொருளின் பெயரைச் சொல்வதையும், அவன் எழுப்பும் ஒலிக்கு மறுமொழி கொடுப்பதையும் இன்றே செய்யலாம். இருமொழிச் சூழல்தான் காரணம் என்று சொல்லி வீட்டு மொழியைக் கைவிடச் சொன்னால் கேட்காதீர்கள். அதனால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை.

மழலையர் பள்ளி ஆசிரியை: ஒரு குழந்தையின் வளர்ச்சியில் ஐயம் எழுந்தால், பெற்றோர் மனம் நோகாமல் எப்படித் தெரிவிப்பது?

கோளாறின் பெயரைச் சொல்லாதீர்கள், கண்டதைச் சொல்லுங்கள். ‘கவனமே இல்லை’ என்று எழுதினால் பெற்றோருக்கு வருத்தம்தான் மிஞ்சும், மருத்துவருக்கோ எதுவும் விளங்காது. ‘பின்னாலிருந்து அழைத்தால் பெரும்பாலும் திரும்புவதில்லை, தோளைத் தொட்டால் உடனே திரும்புகிறாள்’ என்று எழுதினால், எதை முதலில் பார்க்க வேண்டும் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். வீட்டில் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். பெற்றோரே அந்த ஐயத்தை மனத்தில் வைத்திருக்கக்கூடும்.

ஒரு தந்தை: மூளை முடக்குவாதம் உள்ள எங்கள் மகளுக்கு இயன்முறை மருத்துவர் ஒரு பயிற்சி, பேச்சுப் பயிற்சியாளர் வேறொன்று, பள்ளி இன்னொன்று என்று தருகிறார்கள். எல்லாவற்றையும் செய்ய நாள் போதவில்லை. என்ன செய்வது?

இது உங்கள் குறையன்று. வல்லுநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளாததன் சுமை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. அவர்களுக்கிடையே தூது போவது பெற்றோரின் வேலையன்று என்பதே என் கருத்து. மூவரையும் ஒரு முறையாவது நேரிலோ தொலைபேசியிலோ ஒன்றாகப் பேசவைத்து, ‘அடுத்த மூன்று மாதங்களில் இவள் எதைச் செய்தால் வீட்டிலும் வகுப்பிலும் வாழ்க்கை எளிதாகும்?’ என்று கேளுங்கள். அவள் தானே சாப்பிடுவதுதான் விடை என்று வைத்துக்கொள்வோம். பாதம் பலகையில் நன்றாகப் பதியும்படி அமரவைத்தால் அது உடல்நிலைப் பயிற்சி. இரண்டு உணவுகளைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டு, அவள் பார்வையாலோ ஒலியாலோ விடை சொல்லும்வரை அவசரப்படாமல் காத்திருந்தால் அது பேச்சுப் பயிற்சி. தடித்த பிடியுள்ள கரண்டியைக் கையில் கொடுத்தால் அது கைப்பயிற்சி. தனியாக நேரம் ஒதுக்காமலே மூன்றும் ஒரே வேளை உணவில் நடந்துவிடுகின்றன. பள்ளியிலும் அதே கரண்டி, அதே முறை இருக்க வேண்டும். வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள பயிற்சித் திட்டமும் விளையாட்டையும் அன்றாட வீட்டு வேலைகளையும் சுற்றியே அமைந்திருக்கிறது.

பள்ளித் தலைமையாசிரியர்: சிகிச்சை முடிந்து, குழந்தை ஓரளவு தயாரான பிறகு சேர்த்துக்கொள்வது நல்லதல்லவா?

இல்லை. 2006-இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு, எல்லா நிலைகளிலும் உள்ளடக்கிய கல்வியை, அதாவது மாற்றுத்திறனுள்ள குழந்தைகளும் மற்றவர்களோடு ஒன்றாகக் கற்பதை, வலியுறுத்துகிறது. குழந்தைக்கு ஏற்ப மாற வேண்டியது பள்ளி. உலகில் ஏறத்தாழ 24 கோடிக் குழந்தைகள் மாற்றுத்திறனுடன் வாழ்கிறார்கள் என்று யுனிசெஃப் 2021-இல் மதிப்பிட்டது. அவர்களைத் ‘தயாராகும்வரை’ நிறுத்திவைத்தால், மற்ற குழந்தைகளைப் பார்த்துக் கற்கும் ஆண்டுகளே கழிந்துவிடும். சேர்த்துக்கொண்டு மூலையில் உட்காரவைப்பதும், விழா மேடையில் மட்டும் ஏற்றிப் படம் எடுப்பதும் உள்ளடக்கிய கல்வி ஆகாது.

ஒரு செவிலியர்: மருத்துவக் குறிப்பைப் பள்ளிக்குக் கொடுக்கலாமா?

பெற்றோர் இசைவுடன், தேவையானதை மட்டும் கொடுக்கலாம். வலிப்பு வரும் குழந்தையின் முழுக் கோப்பும் ஆசிரியருக்கு வேண்டியதில்லை. வலிப்பு வந்தால் பார்ப்பதற்கு எப்படி இருக்கும், ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும் என்பவை ஒரு தாளில் எளிய சொற்களில் இருந்தால் போதும். மருந்தோ அளவோ மாறும்போது அந்தத் தாளையும் மாற்றிக் கொடுங்கள். வகுப்பாசிரியர் மாறினால் அது புதியவர் கைக்குப் போய்ச் சேரும் பொறுப்பைப் பள்ளியில் ஒருவரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.