ஜாவாஸ்கிரிப்ட் டெம்போரல்: ஏன் இவ்வளவு தாமதம்? கேள்வி பதில்

ஜாவாஸ்கிரிப்டில் தேதி, நேரத்தைக் கையாளப் புதிதாக வந்திருக்கும் டெம்போரல் பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் கோபம்தான். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: அண்ணா, 2017-இல் ஆரம்பித்த வேலை. ஃபயர்பாக்ஸில் 2025 மே மாதம் வந்தது, குரோமில் 2026 ஜனவரியில். தேதியைக் கூட்டிக் கழிக்க இத்தனை வருடமா?

வேலை பெரியது தம்பி, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். டைம்ஸோன், கோடைகால நேரமாற்றம், ஹீப்ரு முதல் இஸ்லாமிய காலண்டர் வரை எல்லாம் உள்ளே வருகிறது. ஆனால் டெவலப்பர்களை நோகடித்தது வேலையின் அளவு இல்லை.

மொழியின் தரத்தை முடிவு செய்யும் டிசி39 குழு, 2021 மார்ச்சில் டெம்போரலுக்கு மூன்றாம் நிலை கொடுத்தது. வடிவமைப்பு முடிந்தது, பிரவுசர்காரர்கள் எழுத ஆரம்பிக்கலாம் என்று அதற்கு அர்த்தம். பலர் அதை நம்பிப் பழைய லைப்ரரியை மாற்றாமல் காத்திருந்தார்கள். தேதிகளைக் கையாளப் பலர் பயன்படுத்திய மொமென்ட் லைப்ரரியும் 2020-இலேயே புது வசதிகளை நிறுத்தி, பராமரிப்பு மட்டும் என்று சொல்லிவிட்டது.

ஆனால் நேரத்தோடு டைம்ஸோன் பெயரையும் காலண்டரையும் சேர்த்து ஒரே வரியாக எழுதும் முறையை, இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு அப்போது முடிவு செய்திருக்கவில்லை. அது முடியும்வரை டெம்போரலை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டாம் என்று பிரவுசர்காரர்களைக் கேட்டுக்கொண்டார்கள். அந்த முறை ஆர்எஃப்சி 9557 என்ற தர ஆவணமாக வெளிவந்தது 2024 ஏப்ரலில். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், ஜூனில் டெம்போரலிலிருந்தே பல பகுதிகளை வெட்டினார்கள். பிரவுசருக்குள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் இன்ஜினில் எழுத ரொம்பப் பெரியதாக இருக்கிறது என்ற புகார் வந்ததால், நாமே சொந்தமாக டைம்ஸோன், காலண்டர் எழுதிச் சேர்க்கும் வசதி போனது.

வெட்டியது சரிதான். மூன்றாம் நிலையை அவசரப்பட்டுக் கொடுத்ததுதான் தப்பு என்பது என் கருத்து. இன்னும் நான்கு வருடம் ஆகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் யாரும் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டார்கள். 2023 கடைசியில் 2.7 என்று ஒரு இடைநிலையைக் குழு சேர்த்தது. இப்போது சோதனைகளை எழுதி முடித்தால்தான் மூன்றாம் நிலை. நல்ல மாற்றம்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் தேதிக்கென்று ஏற்கெனவே இருக்கும் பழைய டேட்டையே (Date) சரி செய்திருக்கலாமே?

முடியாது. 1995-இல் ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கிய நெட்ஸ்கேப் நிறுவனத்தில் அவசர அவசரமாக ஜாவாவின் டேட்டை அப்படியே எடுத்துப் போட்டார்கள். 1997-இல் ஜாவாவே அதன் பெரும்பாலான மெத்தடுகளைக் கைவிட்டது. நாம் இன்னும் சுமக்கிறோம்.

ஒரு உதாரணம். தவணைத் தேதி 2025 ஜனவரி 31. அதன் மாதத்தைப் பிப்ரவரி என்று மாற்றிப் பாருங்கள். டேட் உங்களுக்கு மார்ச் 3 என்று தரும். பிப்ரவரியே காணாமல் போய்விடும்! டெம்போரலில் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28. அப்படித் தானாகச் சரிக்கட்ட வேண்டாம், பிழை காட்டு என்றும் சொல்லலாம்.

இன்னொன்று இன்னும் மோசம். 2025-01-15 என்று தேதியை மட்டும் கொடுத்தால் டேட் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். நமக்கு அது காலை 5.30, அதே தேதி. சென்னையில் உட்கார்ந்து எத்தனை முறை சோதித்தாலும் பிழை கண்ணில் படாது. நியூயார்க்கில் இருப்பவருக்கு 14 என்று காட்டும். இந்த நடத்தையை நம்பி எழுதிய தளங்கள் ஏராளம். அதை மாற்றினால் அவை உடையும்.

கேள்வி: சார், முதலில் வெளியிட்டுவிட்டு அப்புறம் திருத்தினால் என்ன? நாங்கள் எல்லாம் அப்படித்தானே வேலை செய்கிறோம்?

உங்கள் செயலியில் பழைய வெர்ஷனை நிறுத்திவிடலாம். வெப்பில் யாராலும் நிறுத்த முடியாது. 2018-இல் நடந்ததைப் பாருங்கள். அரேக்களுக்கு ஃப்ளாட்டன் என்ற மெத்தடைச் சேர்க்க இருந்தார்கள். மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி அதே பெயரில் ஏற்கெனவே ஒன்றை ஒட்டவைத்திருந்தது. புதியது வந்ததும் அதை நம்பிய தளங்கள் உடைந்தன. கடைசியில் மொழிதான் இறங்கிவந்து ஃப்ளாட் என்று பெயரை மாற்றிக்கொண்டது. ஒரு மெத்தடுக்கே இந்தப் பாடு.

கேள்வி: மற்ற மொழிகளில் இவ்வளவு இழுக்கவில்லையே?

இழுத்தது. ஜாவாவின் புதிய தேதி நூலகம் 2007-இல் தொடங்கி 2014-இல் ஜாவா 8-உடன்தான் வந்தது.

கேள்வி: இந்திய டைம்ஸோனைக் குரோம் ஏசியா/கல்கத்தா என்கிறது, ஃபயர்பாக்ஸ் ஏசியா/கொல்கத்தா என்கிறது. டேட்டாபேஸில் இரண்டும் கலந்து கிடக்கிறது. டெம்போரலில் இது தீருமா அண்ணா?

தீரும். நீங்கள் எந்தப் பெயரைக் கொடுக்கிறீர்களோ அதையே வைத்துக்கொள்ளும், பின்னால் மாற்றாது. ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே டைம்ஸோனாக எடுத்துக்கொள்ளும். ஆனால் ஸ்ட்ரிங்காக நேரடியாக ஒப்பிடாதீர்கள், டெம்போரலின் ஈக்வல்ஸ் மெத்தடைப் பயன்படுத்துங்கள். இந்த ஒரு விஷயத்தைச் சேர்க்கவே தனி முன்மொழிவு எழுதி வாதாடினார்கள். தாமதத்தைத் திட்டும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்போ மொமென்ட்டை இன்றே தூக்கிவிடலாமா?

புதிய கோடில் டெம்போரலே எழுதுங்கள், டெம்போரல் இல்லாத பிரவுசர்களுக்கு அந்தக் குறையை நிரப்பும் பாலிஃபில் கோடைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய கோடில் பணம் சம்பந்தப்பட்ட தேதிக் கணக்குகளை முதலில் மாற்றுங்கள். வெறுமனே தேதியைத் திரையில் காட்டும் இடங்கள் அப்படியே இருக்கட்டும், அவசரமில்லை.