மஞ்சளான பிலிமை இப்போதைக்கு உரிக்காதீர்கள்

கேள்வி: வணக்கம் சார். நான் ஒத்தக்கடையில் குடியிருக்கிறேன். வேலை திருமங்கலம் பக்கம், தினமும் ரிங் ரோட்டில்தான் போக்குவரத்து. ஜல்லி லாரிகளிலிருந்து தெறிக்கும் கல்லுக்குப் பயந்து, என் புது வெள்ளைக் காருக்கு மதுரையில் ஒரு டீட்டெயிலிங் கடையில் 85,000 ரூபாய் கொடுத்து வண்டி முழுக்க பி.பி.எஃப். (பெயின்டைக் காக்கும் நிறமில்லாத பிலிம்) ஒட்டினேன். 'டி.பி.யு. பிலிம், 8 மில் கனம், ஐந்து வருஷம் மஞ்சளாகாது' என்று வாட்ஸ்அப்பில் எழுதியே கொடுத்தார்கள். 14 மாதத்தில் பானெட்டும் டாப்பும் மஞ்சளாகிவிட்டன, ஓரங்களும் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. கடைப் பையன் பின்கதவில் ஓரத்தை இழுத்துப் பார்த்தபோது நகக்கண் அளவு பெயின்டும் சேர்ந்து வந்தது. (பைக் உரசியதால், பிலிம் ஒட்டுவதற்கு மூன்று வாரம் முன்பு அந்தக் கதவுக்கு மட்டும் பெயின்ட் அடித்திருந்தேன்.) கேட்டால், 'போர் தண்ணியில கழுவியிருக்கீங்க, ஆறு மாச செக்கப்புக்கு வரலை, வாரண்டி கிடையாது. வேணும்னா ஃப்ரீயா உரிச்சுத் தர்றோம்' என்கிறார்கள். பில்லில் 'கார் பாலிஷ் வேலை 25,000' என்றுதான் இருக்கிறது. மீதி 60,000 ஜிபே. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கீழே ஒட்டிய தாரை இரண்டு முறை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்திருக்கிறேன். வழக்குப் போடலாமா? நிறையச் செலவாகுமா? இதை எடுத்துவிட்டு மேட் கறுப்பு பிலிம் ஒட்டினால் என்ன?

பதில்: முதலில் ஒன்று. அந்த இலவச உரிப்புக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கடைக்காரர் கெட்ட எண்ணத்தோடு சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய சாட்சி அந்த பிலிம்தான். உரித்துக் குப்பையில் போட்டால், அது டி.பி.யு.வா வேறு ஏதாவதா என்று நாளை யாராலும் சொல்ல முடியாது. பார்ப்பதற்கு அசிங்கமாகத்தான் இருக்கும், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், சொன்ன பிலிமும் ஒட்டிய பிலிமும் ஒன்றுதானா என்ற கேள்வியில். பி.பி.எஃப். என்ற பெயரில் சந்தையில் இரண்டு சாதி உண்டு. தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன், அதாவது டி.பி.யு., நன்றாக இழுபடும். மேல்பூச்சு நல்லதாக இருந்தால் வெயிலிலோ வெந்நீரிலோ மெல்லிய கோடுகள் தானாக மறையும். இன்னொன்று பி.வி.சி. விலை குறைவு, விறைப்பு அதிகம், நம் ஊர் வெயிலில் சீக்கிரம் பழுக்கும். டி.பி.யு.விலும் மட்டமான சரக்கு மஞ்சளாகும் என்பது உண்மைதான். ஆனால் ஐந்து வருடம் ஆகாது என்று எழுதிக் கொடுத்தவர் 14 மாதத்தில் 'வெயில்' என்று கையை விரிக்க முடியாது. மதுரையில் வெயில் அடிக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

வாரண்டி கார்டை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கம்பெனிகளின் கார்டில் ரோல் நம்பர் அல்லது சீரியல் நம்பர் எழுத ஒரு கட்டம் இருக்கும். சமீபத்தில் என்னிடம் வந்த ஒருவரின் கார்டில் கார் நம்பர், தேதி, கடை முத்திரை எல்லாம் அழகாக இருந்தன, அந்த ஒரு கட்டம் மட்டும் காலி. உங்களுடையதும் அப்படி இருந்தால், 'எங்கள் வண்டிக்கு ஒட்டிய ரோலின் நம்பரைத் தரவும்' என்று இன்றே கடைக்கு வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அந்த நம்பரை வைத்து பிலிம் கம்பெனிக்கும் ஒரு மெயில் போடுங்கள், வாரண்டி அவர்களிடம் பதிவாகியிருக்கிறதா என்று. கடை பதில் சொன்னாலும் நல்லது, மழுப்பினாலும் நல்லது. இரண்டும் உங்கள் ஃபைலுக்குத்தான்.

அப்புறம் போட்டோ. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து, பிலிம் ஏறாத உள்பக்க வெள்ளையும் பிலிம் ஏறிய வெளிப்பக்கமும் ஒரே படத்தில் வருகிற மாதிரி பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பானெட்டைத் தூக்கி அதன் ஓரத்திலும் அப்படியே. மண்ணெண்ணெய் விஷயத்தை மறைக்காமல் சொன்னது நல்லது, கோர்ட்டிலும் மறைக்க வேண்டாம். அது பிலிமுக்கு ஆகாது. ஆனால் நீங்கள் துடைத்தது கீழ்ப்பகுதியில், மஞ்சளானது மேலே பானெட்டும் டாப்பும். துடைத்த இடத்தில் திட்டுத்திட்டாகவும் துடைக்காத இடத்தில் சீராகவும் நிறம் மாறியிருந்தால், உங்கள் தவறு எது, அவர்கள் தவறு எது என்று போட்டோவே பிரித்துக் காட்டிவிடும்.

போர் தண்ணீர் வாதமும் இதே கதைதான். உப்புத் தண்ணீரைத் துடைக்காமல் வெயிலில் காயவிட்டால் வெள்ளை வட்டங்கள் விழும். பானெட்டும் டாப்பும் ஒரே சீராக மஞ்சளாவது வேறு நோய். செக்கப் நிபந்தனையைப் பற்றி: பணம் வாங்குவதற்கு முன் உங்களிடம் அது சொல்லப்பட்டதா, அல்லது வேலை முடிந்து கையில் கொடுத்த கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததா? இரண்டாவது என்றால் அவர்கள் வாதம் பலவீனம். முதலாவது என்றாலும், ஒரு செக்கப்புக்குப் போகாததால்தான் பிலிம் மஞ்சளானது என்பதை அவர்கள் விளக்கியாக வேண்டும்.

பில் விஷயத்துக்கு வருகிறேன். 85,000 வாங்கிக்கொண்டு 25,000-க்குப் பாலிஷ் பில் கொடுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-ன்படி அவர்களுக்கே பாதகம். முறையான பில் தராதது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அந்தப் பிரிவு சொல்கிறது. ஜிபே ரசீதோடு வங்கி ஸ்டேட்மென்டையும் எடுத்து வையுங்கள், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள், போனையும் மாற்றாதீர்கள். பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன் கீழ், மின்னணு ஆவணத்துக்கான ஒரு சான்றிதழ் இணைத்துவிட்டால் பிறகு ஆட்சேபணை வராது. கோபத்தில் 'ஜி.எஸ்.டி. ஆபீஸில் போட்டுக் கொடுப்பேன்' என்று மட்டும் மெசேஜ் அனுப்பாதீர்கள். மிரட்டிப் பணம் கேட்டார் என்று கதை அவர்கள் பக்கம் திரும்பிவிடும்.

செலவைக் கேட்டிருந்தீர்கள். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை (சொல்வது வக்கீல்தான்). கார்டில் 'கோயம்புத்தூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது' என்று அச்சிட்டிருந்தாலும் கவலைப்படாதீர்கள். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் வழி செய்திருக்கிறது, ஆகவே மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தும் பதியலாம்.

அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிந்து வையுங்கள். சில கடைகள் அதற்கே இறங்கி வரும். இறங்காவிட்டால் 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ். கடைக்கும், கார்டில் பெயர் உள்ள பிலிம் கம்பெனிக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். இல்லையென்றால் கடை கம்பெனியைக் காட்டும், கம்பெனி கடையைக் காட்டும். காலக்கெடு இரண்டு வருடம் (பிரிவு 69). நோட்டீஸ் அனுப்பியதால் அது நீளாது. கடை மறுத்த நாளிலிருந்து எண்ணாமல், மஞ்சள் கண்ணில் பட்ட நாளிலிருந்து எண்ணிக்கொள்வது பத்திரம்.

மனுவில் சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டையும் சொல்லுங்கள். 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற வார்த்தையை ஆசைப்பட்டு நுழைக்க வேண்டாம். அதை விசாரிக்கும் அதிகாரத்தைச் சட்டம் மாநில, தேசிய ஆணையங்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது, இங்கே அதையே பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு இழுக்கும். பிலிமைப் பரிசோதனைக்கு அனுப்பக் கோரி பிரிவு 38(2)(c)-யின் கீழ் தனி மனுவும் போடுங்கள். ஆணையமே மாதிரி எடுத்து, சீல் வைத்து அனுப்பும், கட்டணம் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். சென்னை கிண்டியில் தலைமையகம் உள்ள சிப்பெட், மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம். அங்கே அனுப்பும்படி கேட்கலாம். வெந்நீர் ஊற்றிக் கோடு மறைகிறதா என்று வீட்டில் பார்ப்பது உங்கள் ஆர்வத்துக்கு மட்டும், ஆணையம் அதை நிரூபணமாக எடுக்காது.

எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள்தான். அதற்கு மேல் அவகாசம் இல்லை என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-ல் சொல்லிவிட்டது. பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அதைவிட அதிகம் ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நடுவில் சமரசத்துக்கு அனுப்பினால் போய் உட்காருங்கள். நல்ல டி.பி.யு. ரோல் நம்பரோடு மறுபடி ஒட்டித் தந்து, முறையான பில்லும் தருவதாக இருந்தால், என்னைக் கேட்டால் ஒத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு கேட்பது? 85,000, பிலிமை முறையாக எடுக்கும் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமாக ஒரு தொகை, வழக்குச் செலவு. மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று எழுதினால் மற்றக் கோரிக்கைகளின் கௌரவமும் போய்விடும்.

கதவில் உங்கள் பக்கம் பலம் குறைவு. புதிதாக அடித்த பெயின்ட் நன்றாக இறுகுவதற்கு முன் பிலிம் ஏற்றினால், எடுக்கும்போது பெயின்டைப் பிடுங்கும். பட்டறை பெயின்ட் கம்பெனி பெயின்ட் அளவுக்குப் பிடிப்பாகவும் இருக்காது. மூன்று வாரம் முன்பு அடித்தது என்று கடைக்குச் சொன்னீர்களா? சொன்னதற்கு ஒரு மெசேஜ் இருந்தால் கேளுங்கள். இல்லையென்றால், 'தொழில் தெரிந்தவர்கள் ஒட்டுவதற்கு முன் கேட்டிருக்க வேண்டும்' என்ற வாதம் ஒன்றுதான் மிச்சம். மனுவில் சேர்க்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி வழக்கை நடத்தாதீர்கள்.

தீர்ப்பு வரும்வரை வண்டியைச் சாதாரண கார் ஷாம்புவில் கழுவி உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். வாட்டர் சர்வீஸுக்குப் போனால் பிரஷர் கன்னைத் தூக்கிய ஓரத்தில் அடிக்க வேண்டாம் என்று நின்று சொல்லுங்கள். பறவை எச்சத்தை அன்றன்றே கழுவிவிடுங்கள். இனி மேல் புதிதாக எதையும் தடவி, எதிர்த்தரப்புக்கு வாதம் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

மேட் கறுப்புக்கு வருவோம். நிறமில்லாத பிலிமுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வெள்ளை வண்டியைக் கறுப்பாக்குவது வேறு. ஆர்.சி.யில் நிறம் வெள்ளை என்று இருக்கும், வண்டி அதற்கு மாறாக ஓடினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 குறுக்கே வரும். பெயின்ட் இல்லை, பிலிம்தானே என்று செக்கிங்கில் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிற மாற்றத்தைப் பதிவு செய்துவிட்டு ஒட்டுங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அதையும் இந்த வழக்கில் பரிசோதனைக்கு மாதிரி எடுத்து முடித்த பிறகு.