சாக்லேட் பால்ல எது பெஸ்ட்?

கேள்வி: லீவுக்கு வந்த பசங்க போர்ன்விட்டாதான் பெஸ்ட், பூஸ்ட்தான் பெஸ்ட்னு ஒரே சண்டை, நடுவுல ஒருத்தன் பாக்கெட் சாக்லேட் பால்தான்ங்கிறான். நியாயமா எப்படிங்க தீர்ப்பு சொல்றது?
- வாசகி, மதுரை

பதில்: பேரு தெரிஞ்சாலே நாக்கு ஒரு பக்கம் சாஞ்சிடும்மா, அதனால ஒரே மாதிரி டம்ளர்ல ஊத்தி அடியில நம்பர் ஒட்டிடுங்க. சூடும் ஒரே அளவு இருக்கணும், இது ரொம்ப முக்கியம், ஏன்னா ஜில்லுன்னு குடிச்சா இனிப்பு கம்மியா தெரியும், அதே பாலை கொஞ்ச நேரம் வெளிய வச்சு குடிச்சா திகட்டும்.

போர்ன்விட்டா, பூஸ்ட் எல்லாம் மால்ட் சேர்ந்தது, பார்லிய முளைகட்டி காயவச்சு எடுக்கிறதுதான் மால்ட், அந்த வறுத்த தானிய வாசம் வரணும், அதை வெறும் சாக்லேட் பாலோட ஒரே வரிசைல வைக்காதீங்க, தனி ரவுண்டா வைங்க. கலர பாத்து ஏமாறவும் வேண்டாம், காரம் (மிளகா காரம் இல்ல, அல்கலி) சேர்த்து பதப்படுத்தின கோகோ கம்மியா போட்டாலே நல்லா கருப்பா தெரியும்.

கோகோ பால்ல முழுசா கரையாது, அடியில தங்கும், அதுக்குத்தான் பல பாக்கெட் பால்ல கடல்பாசில இருந்து எடுக்கிற கேரஜீனன் சேர்க்கறாங்க, அது ஜாஸ்தியானா வழவழன்னு இருக்கும், நான்னா அங்க மார்க்க குறைச்சிடுவேன். நடுவுல வாய் கொப்பளிக்க வெந்நீர் குடுங்க. முழுங்கினப்புறம் லேசா ஒரு கோகோ கசப்பு நாக்குல நிக்கணும், எனக்கு அதுதான் நல்ல சாக்லேட் பால், வெறும் சீனி மட்டும் நின்னா முதல் பரிசு குடுக்க மனசு வராது.

இன்னொண்ணு, இதையெல்லாம் ஹெல்த் டிரிங்க்னு போட்டு விக்கக்கூடாதுன்னு 2024 ஏப்ரல்ல மத்திய அரசு ஆன்லைன் கடைகளுக்கு சொல்லியிருக்கு, அதனால ஆளுக்கு ரெண்டு வாய் போதும்.